கிளி என்று பேர்

பெண்டிகோவிலிருந்து பிரிட்டோ அனுப்பும் வீடியோவில்
முதலில் தெரிவது மரம்தான்.
பட்டை உரிந்து, இடுப்புக்குக் கீழே கந்தல் தொங்க
அதே தைல மரம்.
"யக்கா, நம்ம ஊரு மரம் பாரு" என்கிறான்.
அவன் நிற்பதுதான் அதன் ஊர்
என்று நான் திருத்தவில்லை.
ரீசார்ஜ் அவன் போட்டது.

பிறகுதான் கிளைகள் வெடிக்கின்றன.
ரோஜா நெஞ்சும் சாம்பல் முதுகுமாய் ஒரு கூட்டம்
பந்திக்கு முந்துகிறவர்களைப் போல
ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு.
மஞ்சள் கொண்டை வைத்த வெள்ளைக்கிளி
குப்பைத் தொட்டியின் மூடியை அலகால் நெம்பி
நேற்றைய ரொட்டியை விசாரிக்கிறது.
செப்டம்பர் வந்தால் கறுப்பு வெள்ளையாய் வேறொன்று
போகிறவர் வருகிறவர் மண்டையில் கொத்துமாம்.
தலைக்கவசம் முழுக்க பிளாஸ்டிக் முள் கட்டி
சைக்கிளில் போகிறான் முதியோர் இல்ல வேலைக்கு,
பலாப்பழம் மாதிரி.
"காலையில தூங்க விடாதுக்கா.
எல்லாமே கத்துது."

எங்கள் தைலங்காட்டில் அப்படிக் கத்த ஆளில்லை.
விதை கப்பலேறி வந்தபோது
கிளிக்கு யாரும் டிக்கெட் எடுக்கவில்லை.
பூக்கிறது. தேனீ வருகிறது.
மற்றபடி காற்று மட்டும்
இலைகளைப் புரட்டிப் புரட்டிப் போட்டுவிட்டு
மன்னவனூர்ப் பக்கம் இறங்கிவிடும்.

எனக்கு வேலை சீகை பிடுங்குவது.
பேரிஜம் தாண்டி, அங்கம்மாள், நான், இன்னும் நாலு பேர்.
விரல் தண்டிக் கன்றென்றால் கையால்.
பெருத்ததென்றால் அடியில் ஒரு முழத்துக்கு
பட்டையைச் சுற்றி உரித்துவிட வேண்டும்;
நின்றபடியே காயும்.
ரேஞ்சர் தாளில் இரண்டு கட்டம்:
அயல். உள்ளூர்.
பிரிட்டோவும் அங்கே ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறான்.
பதினாலு மாதமாகப் பதில் இல்லை.

போன வியாழக்கிழமை
ஒரு மழை விட்டு அடுத்தது பிடிப்பதற்குள்
பெரிய சீகை ஒன்றின் அடியில் குந்தி
பட்டையில் முதல் கோடு கிழித்தேன்.
யாரோ விசிலடித்தார்கள்.
திரும்பினேன். ஆளில்லை.
மறுபடியும், இந்த முறை முழங்கால் உயரத்திலிருந்து,
கேள்வி கேட்டு அதற்குள் மறந்துவிட்ட மாதிரி.

ஈரச் சருகில் நீல முதுகு.
வெள்ளை வயிறு.
குச்சிக்கால் இரண்டையும் சேர்த்து ஒரு தத்தல்.
சோலைக்கிளி.

கிளி என்று பேர். கிளி அல்ல.
பச்சை இல்லை, மூக்கு வளையவில்லை,
சொன்னதைத் திருப்பிச் சொல்லாது.
சின்னதாய் இருந்து மனசுக்குப் பிடித்தால்
எதையும் கிளி என்றுவிடும் ஒரு வாய் வைத்த பேர்.
பிரிட்டோ பிறந்த மாதம் முழுக்க
அவனையும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

அது தத்திப் போன வழியைப் பார்த்தேன்.
நாவல் கன்று. காட்டுக்கருவா.
பெயர் தெரியாத ஒன்று, செம்புத் தளிரோடு.
போன வருஷம் வெட்டவெளியில் நட்டோம்;
பாதி பனியில் கருகிப் போனது.
இங்கே யாரும் நடவில்லை.
பிடுங்கச் சொன்ன மரத்தின் நிழலில்
நடச் சொன்ன மரம்.

"முடிஞ்சுதாடி?" என்று மேட்டிலிருந்து அங்கம்மாள்.
"கத்தி மழுங்கிருச்சு" என்றேன்.
காலையில்தான் தீட்டியிருந்தேன்.

பதினொரு விநாடி ஒலி பிடித்தேன்.
அதில் பாதி என் மூச்சு.
பூம்பாறை வந்து சிக்னல் கிடைத்ததும் அனுப்பினேன்.

ராத்திரி பதில் வந்தது.
இல்லத்தில் ஒரு வெள்ளைக்காரம்மாவுக்குப் போட்டுக் காட்டினானாம்,
கண் தெரியாதவர், காது கூர்மை.
"எங்க ஊர்க் கிளின்னு சொன்னேன்.
சிரிக்குது யக்கா.
'தம்பி, எனக்குக் கிளி தெரியும், இது கிளி இல்லை'ங்குது.
என்ன சொல்ல?
இன்னொரு தடவை போடுன்னு வேற கேக்குது."

இன்று அந்த மரத்தைத் தாண்டித்தான் போனேன்.
நான் கிழித்த ஒற்றைக் கோட்டில்
பிசின் கட்டியிருக்கிறது,
தேன் நிறத்தில்.
தொட்டால் விரலை விட மாட்டேன் என்கிறது.